பொன்னாசையா, பொன்னுலகக் கனவா?

நடுவர் அவர்களே! நாடு பிடிக்கத் தூண்டியது பொன்னாசைதான் என்று எதிரணி நண்பர் அடித்துப் பேசினார், கைதட்டலும் வாங்கினார். நான் கேட்கிறேன்: பொன் தேடி வந்தவன் பெட்டி நிறைஞ்சா கப்பல் ஏறிடுவான். உங்களைத் திருத்த வந்தவன் எப்பய்யா ஊருக்குப் போவான்?

1516-இல் தாமஸ் மோர் 'உட்டோப்பியா' என்றொரு நூல் எழுதினார். குறையே இல்லாத தீவு. நாளைக்கு ஆறு மணி நேரம்தான் வேலை, தனிச்சொத்து கிடையாது. கேட்கவே இனிக்குதா? ஆனால் அந்தத் தீவே உட்டோப்பஸ் என்கிற அரசன் படையெடுத்துப் பிடிச்ச மண்! ஜனத்தொகை கூடினால் அக்கரையில் குடியேறுவார்கள். அங்கே இருப்பவன் இவர்கள் சட்டத்துக்கு இணங்கலேன்னா விரட்டுவார்கள், எதிர்த்தால் போர். கற்பனையிலேயே இந்தக் கதி!

கதைதானே என்பீர்கள். 1521-இல் ஸ்பானியர் மெக்சிகோவைப் பிடித்தார்கள். பின்னாலே நீதிபதியாக வந்தார் வாஸ்கோ தெ கிரோகா. மோரின் நூலைப் படித்தவர். 1532-லும் 1533-லும் அதே அச்சில் சாந்தா ஃபே என்ற பெயரில் இரண்டு ஊர் அமைத்தார். ஆறு மணி நேர வேலை, பொது நிலம், மருத்துவமனை. நல்லவர், ஐயமில்லை; பூர்வகுடிகளை அடிமையாக்குவதை எதிர்த்தவர். 'தாத்தா வாஸ்கோ' என்றே மக்கள் அழைத்தார்கள். அங்கே தாத்தா என்றால் அப்பா!

அப்பா சரி, பிள்ளைகளை யார் கேட்டார்கள்? எந்தச் சாமியைக் கும்பிடுவது, எதை உடுத்துவது, எல்லாம் வந்தவர் எழுதிய விதி. கோர்த்தேஸின் வாளை எதிர்த்து நிற்கலாம். 'உன் நன்மைக்குத்தான்' என்பவரை எப்படி எதிர்ப்பது?

கப்பலை ஓட்டி வந்தது பொன்னாசையாக இருக்கட்டும். கரையிலே வேர் விட வைத்தது பொன்னுலகக் கனவே!