அழிவிலும் தளராத பாய்கள்

பசிபிக் மாகடலின் நடுவே, எக்கண்டத்தினின்றும் நெடுந்தொலைவில் தனித்துக் கிடப்பவை ஹவாய்த் தீவுகள். அங்குச் சென்று முடியும் பாய்க்கலப் பந்தயம் ஒன்றை நடத்த விழைந்தார் கிளாரென்ஸ் மக்பார்லேன். 1906-இல் ஹோனலூலுவிலிருந்து ‘லா பலோமா’ என்னும் சிறுகலத்தில் சான் பிரான்சிஸ்கோவை அடைந்தார். பந்தயம் அங்கிருந்தே தொடங்குவதாக இருந்தது. அவர் கண்டதோ, ஏப்ரல் 18-இல் நேர்ந்த நிலநடுக்கமும் தொடர்ந்த தீயும் பாழாக்கிய நகரம்!

பந்தயத்தைக் கைவிடுவதா? அவர் கைவிட்டாரில்லை, தொடக்கத்தைத் தெற்கே லாஸ் ஏஞ்சல்ஸ் கடற்கரைக்கு மாற்றினார். ஜூன் 11-இல் புறப்பட்டவை மூன்றே கலங்கள். ஏறத்தாழ 2,225 கடல் மைல் கடந்து, 13 நாட்கள் நிறைவதற்குள் ‘லர்லைன்’ வென்றது. ஏனைய இரண்டும் பின்தங்கினும் கரை சேர்ந்தன. அப்பந்தயம் இன்றும் நடைபெறுகிறது. அன்று மக்பார்லேன் மனந்தளர்ந்து திரும்பியிருந்தால், தொடங்குமுன்பே அது முடிந்திருக்கும் அன்றோ?