பழைய எலெக்ட்ரிக் கிட்டார் வாங்கலாமா, புதுசு வாங்கலாமா? கஸ்டம்ஸ் விதி முதல் ஈட்டி மரம் வரை... முழு விவரம்!

சேவூரிலிருந்து அவிநாசி வழியாக பனியன் கம்பெனிக்கு ஷிப்ட் போய் வரும் ஒரு இளைஞர் கையில் தீபாவளி போனஸ் வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எலெக்ட்ரிக் கிட்டார் வாங்க வேண்டும் என்பது அவருடைய நாள்பட்ட ஆசை. போனில் தேட ஆரம்பித்தால் பத்து நிமிடத்தில் குழப்பம் வந்துவிடும். "அறுபதுகளில் செய்த கிட்டார் சவுண்டே வேற, புதுசெல்லாம் சும்மா" என்று ஒருவர் சொல்வார். "பழசு தலைவலி, கடையில் புதுசா எடுத்துக்கோ" என்று இன்னொருவர் சொல்வார். இதற்கு நடுவே, அமெரிக்காவில் யாரோ விற்கும் 40 வருடப் பழைய கிட்டாரின் படம் திரையில் மின்னும்.

வாசிப்பதற்காக வாங்குகிறீர்கள் என்றால் புதுசுதான் சரி. பழசு வேண்டும் என்றால், நேரில் போய் எடுத்து வாசித்துப் பார்க்கக்கூடிய உள்ளூர் செகண்ட் ஹேண்ட் போதும். வெளிநாட்டு 'விண்டேஜ்' கிட்டாரை ஆன்லைனில் ஆர்டர் போடுவது, போனஸ் பணத்தில் செய்யக்கூடிய வேலை இல்லை. காரணங்களைப் பார்க்கலாம்.

'விண்டேஜ்' என்றால் எந்தக் காலம்?

எலெக்ட்ரிக் கிட்டாருக்கே இன்னும் பெரிய வயசு ஆகவில்லை. ரிக்கன்பேக்கர் நிறுவனத்தின் 'ஃப்ரையிங் பேன்', அதாவது வாணலி போல இருந்த கிட்டார், 1931-32ல் வந்தது. விற்பனையில் ஓரளவு வெற்றி பெற்ற முதல் எலெக்ட்ரிக் கிட்டார் அதுதான். நூறு வருடம் தாண்டிய பொருட்களைத்தான் சுங்கத் துறை 'தொல்பொருள்' கணக்கில் சேர்க்கும். அந்தக் கணக்கில் கிட்டார் இன்னும் சின்னப் பையன்.

சந்தையில் கிராக்கி அதிகம் உள்ளவை 1950 முதல் 1965 வரை செய்தவை. ஃபெண்டர் நிறுவனத்தின் டெலிகாஸ்டர் 1950களின் தொடக்கத்திலும், ஸ்ட்ராட்டோகாஸ்டர் 1954லும் வந்தன. கிப்சன் நிறுவனத்தின் லெஸ் பால் 1952ல் வந்தது. 1965 ஜனவரியில் ஃபெண்டரை சிபிஎஸ் நிறுவனம் வாங்கியது. அதன் பிறகு தரம் இறங்கியது என்று ரசிகர்கள் சொல்வதால், 'சிபிஎஸ்சுக்கு முன்' என்ற சொல்லுக்கே தனி விலை உண்டு.

1958 முதல் 1960 வரை செய்த 'சன்பர்ஸ்ட்' லெஸ் பால் கதை சுவாரசியமானது. செய்த காலத்தில் அது சரியாக விற்கவில்லை. சுமார் 1,500 கிட்டார்களோடு கிப்சன் கடையைக் கட்டிவிட்டு வேறு மாடலுக்குப் போனது. 1966ல் ஜான் மேயல் குழுவின் ஆல்பத்தில் எரிக் கிளாப்டன் அதை வாசித்த பிறகுதான் ஆளாளுக்குத் தேட ஆரம்பித்தார்கள். 1968ல் கிப்சனே லெஸ் பாலைத் திரும்பக் கொண்டுவந்தது. விற்காமல் கிடந்த அந்த மூன்று வருட சரக்கு இன்று கோடிகளில் கைமாறுகிறது.

இன்னொரு உதாரணம். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் வாசித்த ஃபெண்டர் மஸ்டாங் 2022ல் 45 லட்சம் டாலருக்கு ஏலம் போனது. மஸ்டாங் என்பது மாணவர்களுக்காக 1964ல் கொண்டுவந்த மலிவு மாடல். அந்த விலை அவர் கை பட்டதற்கு.

பழசானால் சவுண்ட் கூடுமா?

இதுதான் மேட்டரே. எலெக்ட்ரிக் கிட்டாரில் கம்பிக்குக் கீழே 'பிக்கப்' என்ற பாகம் இருக்கும். காந்தம், அதைச் சுற்றி ஆயிரக்கணக்கான சுற்றுகளாக மெல்லிய செம்புக் கம்பி, அவ்வளவுதான். மேலே இரும்புக் கம்பி அதிரும்போது காந்தப் புலம் அசையும். அதில் பிறக்கும் சின்ன மின்சாரம் ஆம்ப்ளிஃபையருக்குப் போய் ஒலியாகிறது. காற்றறை உள்ள சாதா கிட்டாரில் மரம்தான் ஒலியைப் பெருக்கும். எலெக்ட்ரிக்கில் அந்த வேலையைச் செய்வது பிக்கப்பும் ஆம்ப்ளிஃபையரும். மரம் காய்ந்து பழுத்தால் ஒலி கூடும் என்ற வாதம் சாதா கிட்டாருக்கே விவாதத்துக்குரியது. எலெக்ட்ரிக்கில் அதற்கு இன்னும் இடம் குறைவு.

பழைய பிக்கப்புகளில் சில அருமையாக இருப்பது உண்மை. அப்போது செம்புக் கம்பியைச் சுற்றும் வேலையில் கை அளவுதான் கணக்கு. அதனால் ஒன்று போல இன்னொன்று இருக்காது. சிலது பிரமாதமாக அமையும், சிலது சுமார்தான். சுமாரானவை உடைத்தும் தூக்கிப்போட்டும் காணாமல் போயிருக்கும். நல்லவை பத்திரமாக மிஞ்சியிருக்கும். மிஞ்சியதை மட்டும் கேட்டுவிட்டு "அந்தக் காலத்தில் எல்லாமே நல்லா செஞ்சாங்க" என்கிறோம்.

வயலினில் இதைக் கண்ணைக் கட்டியே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பிரான்ஸ் ஆய்வாளர் க்ளாடியா ஃப்ரிட்ஸ், வயலின் செய்யும் ஜோசப் கர்டின் உள்ளிட்டோர் நடத்திய சோதனையில், கலைஞர்களுக்கு இருட்டுக் கண்ணாடி மாட்டி ஸ்ட்ராடிவாரி உள்ளிட்ட பழைய வயலின்களையும் புதியவற்றையும் கொடுத்தார்கள். 2012ல் வெளியான முடிவில் பெரும்பாலோர் புதியதையே விரும்பினார்கள். எது பழசு என்று சரியாகச் சொல்லவும் முடியவில்லை. 2014ல் வெளியான இரண்டாவது சோதனையில் 10 தனிக் கலைஞர்களில் 6 பேர் புதியதையே தேர்ந்தெடுத்தார்கள். 300 வருட வயலினுக்கே இந்த நிலைமை.

நம் பக்கமே ஒரு சாட்சி இருக்கிறது. மாண்டலின் யு. ஸ்ரீனிவாஸ் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்தது பாரம்பரிய மாண்டலின் கிடையாது. இரட்டைக் கம்பிகளை விட்டுவிட்டு, ஐந்து தனிக் கம்பிகள் கொண்ட எலெக்ட்ரிக் மாண்டலினை வைத்துக்கொண்டார். கமகம் நீண்டு ஒலிக்க அதுதான் வசதி. தேவைக்கு ஏற்ற கருவியைத்தான் அவர் தேடினார், வயசைப் பார்க்கவில்லை.

அதற்கு முன்னால் ஒரு கேள்வி

உங்களுக்கு வேண்டியது எலெக்ட்ரிக்தானா? கிட்டார் ஆசை வந்த பலருக்கு அதைத் தந்தது 'இளைய நிலா', 'என் இனிய பொன் நிலாவே' மாதிரி எண்பதுகளின் இளையராஜா பாடல்கள். 'இளைய நிலா'வில் கேட்பது சாதா கிட்டாரின் ஒலி. அதற்காக எலெக்ட்ரிக்கும் ஆம்ப்ளிஃபையரும் வாங்கி வைத்துவிட்டு "அந்த சவுண்ட் வரலையே" என்று வருத்தப்படுபவர்கள் உண்டு. ராக், மெட்டல், ஃபங்க் வாசிக்க ஆசை என்றால் மட்டும் எலெக்ட்ரிக் பக்கம் வாருங்கள்.

திருப்பூருக்குத் தெரிந்த கணக்கு

செகண்ட் ஹேண்ட் நிட்டிங் மெஷின் வாங்குவது எப்படி என்று திருப்பூர்க்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எத்தனை டயா, எத்தனை கேஜ், ஓடுற கண்டிஷனா, ஊசியும் சிங்கரும் கிடைக்குமா, ரிப்பேருக்கு ஆள் இருக்கா என்று கேட்பார்கள். வெளிநாட்டில் ஓடிக் களைத்த மெஷின் இங்கே வந்து இன்னும் பல வருடம் துணி ஓட்டும்.

அதே நினைப்பில் வெளிநாட்டுப் பழைய கிட்டாரை வரவழைக்கலாம் என்று நினைத்தால், மாட்டிக்கொள்வது இங்கேதான். இந்திய வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் பயன்படுத்திய பொருட்களுக்கு இரண்டு விதி இருக்கிறது. உற்பத்திக்கான இயந்திரங்கள், அதாவது மூலதனப் பொருட்கள், சில விதிவிலக்குகள் தவிர தாராளமாக வரலாம். மற்ற செகண்ட் ஹேண்ட் பொருட்கள் 'கட்டுப்படுத்தப்பட்டவை' பட்டியலில் வருகின்றன. அவற்றை இறக்குமதி செய்ய வெளிநாட்டு வர்த்தக இயக்குநரகமான டிஜிஎஃப்டியின் அனுமதி வேண்டும். டன் கணக்கில் எடை உள்ள பழைய மெஷின் வந்து இறங்கிவிடும். நாலு கிலோ பழைய கிட்டார் கஸ்டம்ஸில் நிற்கலாம்.

"கிஃப்ட்னு போட்டு அனுப்பச் சொல்லிடலாம்" என்ற யோசனையும் செல்லாது. தபால், கூரியரில் கிஃப்ட் என்று சொல்லி வரி இல்லாமல் கொண்டுவருவதை 2019 டிசம்பரில் மத்திய அரசு நிறுத்திவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும்தான் விலக்கு. வரி கட்டினாலும், கணக்கு கிட்டார் விலைக்கு மட்டும் இல்லை. அனுப்பும் செலவையும் இன்சூரன்ஸையும் சேர்த்த தொகைக்குச் சுங்க வரி, அதற்கு மேல் ஐஜிஎஸ்டி.

நீலகிரி ஈட்டி மரமும் உலகக் கிட்டாரும்

இன்னொரு சிக்கல் மரத்தில் இருக்கிறது. கிட்டாரில் விரல் வைத்து அழுத்தும் பலகைக்கு ரோஸ்வுட் பரவலாகப் பயன்படுகிறது. 1959 முதல் 60களின் நடுப்பகுதி வரை ஃபெண்டர் பயன்படுத்தியது பிரேசில் ரோஸ்வுட். பிறகு இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறியது. அது வேறெதுவும் இல்லை, நீலகிரி, வயநாடு, கூர்க் பக்கம் வளரும் நம்ம ஈட்டி மரத்தின் இனம்தான். அந்த மரத்தைக் காக்க தமிழ்நாடு 1994ல் தனிச் சட்டமே போட்டது.

பிரேசில் ரோஸ்வுட் 1992ல் சைட்ஸ் ஒப்பந்தத்தின் முதல் பட்டியலுக்குப் போனது. புலி, யானைத் தந்தம் இருக்கும் அதே பட்டியல். அந்த மரம் உள்ள கிட்டார் எல்லை தாண்டினால் உரிய சான்றிதழ் கேட்பார்கள். 2017ல் ரோஸ்வுட் வகைகள் எல்லாவற்றுக்கும் கட்டுப்பாடு வந்தது. இசைக் கலைஞர்கள் போராடியதில் 2019ல் செய்து முடித்த இசைக் கருவிகளுக்கு விலக்கு கிடைத்தது. ஆனால் அந்த விலக்கு பிரேசில் ரோஸ்வுட்டுக்கு இல்லை. விலை உயர்ந்த விண்டேஜ் கிட்டார்களில் பல இதில்தான் சிக்குகின்றன.

அசலா, ஒட்டுப் போட்டதா?

பைக் வாங்கினால் ஆர்சி புக்கில் என்ஜின் நம்பரைச் சரிபார்க்கலாம். கிட்டாருக்கு ஆர்சி புக் கிடையாது. ஒன்றின் கழுத்தை இன்னொன்றின் உடம்பில் பூட்டி '1964 மாடல்' என்று விற்பது ஃபெண்டர் வகைகளில் ரொம்ப சுலபம், நாலு திருகு கழற்றினால் போதும். விவரம் தெரிந்தவர்கள் வால்யூம் குமிழுக்குக் கீழே உள்ள பாகத்தைப் பார்ப்பார்கள். அதில் 1376532 என்று இருந்தால், 137 என்பது தயாரித்த கம்பெனி, 65 என்பது வருடம், 32 என்பது வாரம். அந்த பாகத்தையும் மாற்றியிருக்கலாம் என்பது வேறு கதை. பெயிண்ட் மாற்றி அடித்திருந்தால் சந்தை மதிப்பு பாதியாகிவிடும் என்பது பொதுவான கணக்கு.

பழைய அமெரிக்க ஆம்ப்ளிஃபையர் சேர்ந்து வருகிறது என்றால் இன்னும் கவனம். அது 110-120 வோல்ட்டுக்குச் செய்தது. நம்ம வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் சொருகினால் அங்கேயே கதை முடிந்தது.

முதலீடாக வாங்கி வைத்தால்?

2008க்கு முன் விண்டேஜ் கிட்டார் விலை ஏறோ ஏறு என்று ஏறியது. உலகப் பொருளாதார நெருக்கடி வந்ததும் சரிந்தது. விற்கும் நேரத்தில்தான் உண்மையான சிக்கல். சேவூர் ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்கு நிலக்கடலை மூட்டை போனால் முதல் ரகம், இரண்டாம் ரகம் என்று பார்த்து விலை கேட்க வியாபாரிகள் இருக்கிறார்கள். 1970களின் ஸ்ட்ராட்டோகாஸ்டரை அவசரத்துக்கு விற்க வேண்டும் என்றால், கோவையிலும் சென்னையிலும் விசாரித்து, அந்த ஒரு ஆளைத் தேடிப் பிடிக்க வேண்டும். அவர் கேட்கிற விலைதான் விலை.

அப்போ என்ன வாங்கலாம்?

ஆரம்பகட்ட புது எலெக்ட்ரிக் கிட்டார் சுமார் 10, 15 ஆயிரம் ரூபாயில் தொடங்குகிறது. கம்ப்யூட்டர் இயக்கும் மெஷினில் மரம் வெட்டுவதால், இந்த விலையிலும் கழுத்து நேராக, அளவு சரியாக இருக்கிறது. முப்பது வருடம் முன்பு இப்படி இல்லை. இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த காலத்தில் நம் ஊர்ப் பையன்களுக்குக் கிடைத்தது பெரும்பாலும் கொல்கத்தாவில் செய்த கிவ்சன், ஹாப்னர்தான். கம்பி விரலை அறுத்தாலும் அதிலேயே கற்றுக்கொண்டார்கள். இன்று யமஹாவே சென்னை அருகே தொழிற்சாலை வைத்து சாதா கிட்டார் செய்கிறது. புதுசில் இன்னொரு லாபம், பில்லும் வாரண்டியும்.

உள்ளூரில் செகண்ட் ஹேண்ட் கிடைத்தால் விட வேண்டாம். புது விலையில் பாதி, அறுபது சதவீதம் என்றால் யோசிக்கலாம். அதற்கு மேல் கேட்டால் கடைக்கே போய்விடலாம். போகும்போது வாசிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிப் போங்கள். துப்பாக்கி குறி பார்ப்பது போல கழுத்தை நீளவாக்கில் பாருங்கள், முறுக்கியிருந்தால் வேண்டாம். வளைவு மட்டும்தான் என்றால் உள்ளே இருக்கும் இரும்புத் தண்டைத் திருகிச் சரிசெய்யலாம், அந்தத் திருகு அசைகிறதா என்று விற்பவர் முன்னாலேயே சோதியுங்கள். தலைப்பகுதி ஒடிந்து ஒட்டியிருக்கிறதா என்று பின்பக்கம் தடவிப் பாருங்கள். கழுத்தில் குறுக்கே பதித்த ஃப்ரெட் கம்பிகளில் பள்ளம் விழுந்திருந்தால், மாற்றும் கூலி மலிவு கிட்டாரின் விலையையே தொட்டுவிடும். ஆம்ப்ளிஃபையரில் சொருகி ஒவ்வொரு பிக்கப்பையும் தனித்தனியாகக் கேளுங்கள். குமிழைத் திருகும்போது கரகர சத்தம் வந்தால் பயப்பட வேண்டாம், கான்டாக்ட் க்ளீனர் அடித்தால் பெரும்பாலும் போய்விடும். ஆனால் விலை பேச அது நல்ல காரணம்.

புதுசோ பழசோ, பட்ஜெட்டில் ஒரு இரண்டாயிரம் ரூபாயைத் தனியாக எடுத்து வையுங்கள். புதுக் கம்பி மாட்டி, கம்பியின் உயரத்தைச் சரிசெய்து தர ஆள் தேவைப்படும். கம்பி உயரமாக இருந்தால் விரல் வலிக்கும், இரண்டு வாரத்தில் கிட்டார் கட்டிலுக்கு அடியில் போய்விடும்.