தீப்பெட்டி ஊரில் நெருப்பில்லா அடுப்பு

கோவில்பட்டி வட்டாரம் தீப்பெட்டிக்குப் பேர் போனது. எங்கள் கடம்பூர் போளிக்கு. இங்கே இருந்துகொண்டு தீக்குச்சியே வேண்டாத அடுப்பைப் பற்றி எழுதக் காரணம், என் மனைவியின் முந்தானை. போன மழைக்காலத்தில் கேஸ் அடுப்பில் அது பற்றிக்கொண்டது. நல்லவேளை, பக்கத்தில் தண்ணீர்க் குடம் இருந்தது. மறுநாளே இண்டக்‌ஷன் அடுப்பு வாங்கி வந்தேன்.

வந்த அன்றே தகராறு. அவள் அம்மா கொடுத்த அலுமினியச் சட்டியை வைத்தால் அடுப்பு கத்துகிறது, சூடாகவில்லை. இரும்புத் தோசைக்கல்லோ சட்டென்று காய்கிறது. "என்னங்க, அடுப்புகூட ஆள் பார்த்துத்தான் வேலை செய்யுமா?" என்றாள்.

நான் பிரெஞ்சு வழியில் படித்தவன். எங்கள் வாத்தியார் இதைக் 'கூரான் த ஃபூக்கோ' என்பார். இங்கே சுழல் மின்னோட்டம் என்கிறார்கள். ஊசலைத் தொங்கவிட்டுப் பூமி சுழல்வதைக் காட்டிய அதே ஃபூக்கோ, 1855-இல் காந்த முனைகளுக்கு நடுவே ஒரு செப்புத் தட்டைச் சுழற்றினார். சுழற்றக் கூடுதல் பலம் தேவைப்பட்டது, தட்டும் சூடாயிற்று. உலோகத்துக்குள் மின்சாரம் சுழன்று வெப்பமாகிறது என்பது தெரிந்தது.

இன்ஜினியர்களுக்கு இது வெகுகாலம் வெறும் சேதாரம். டிரான்ஸ்ஃபார்மர் இரும்பு வீணாகக் காயாமலிருக்க அதை மெல்லிய தகடுகளாக்கி அடுக்கினார்கள். தொலைபேசியின் உயர்ந்த அதிர்வெண்ணுக்குத் தகடும் போதவில்லை. அமெரிக்காவின் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் கம்பெனியில் இரும்பைப் பொடியாக்கி, துகள்களுக்கு மின்கடத்தாப் பூச்சுக் கொடுத்து, பெரும் அழுத்தத்தில் வளையமாக அமுக்கினார்கள். நெடுந்தூரத் தொலைபேசிக் கம்பிகளில் இடையிடையே வைக்கும் சுருள்களுக்கு அவை உள்ளகமாயின. ஸ்பீட், எல்மன் என்ற இருவர் 1921-இல் இதை விரிவாக எழுதினார்கள். காந்த விசை துகள் விட்டுத் துகள் தாவும், மின்சாரம் தாவாது. சூட்சுமம் அவ்வளவுதான். பழைய ரேடியோவில் மெக்கானிக் சுருளுக்குள் திருகுவாரே ஒரு கறுப்புத் திருகு, அதிலும் பல இரும்புப் பொடியில் செய்தவையே.

1930-இல் ஜப்பானில் கட்டோவும் டக்கேயும் இன்னொரு வழி கண்டார்கள். இரும்பு ஆக்சைடோடு வேறு உலோக ஆக்சைடுகளைக் கலந்து, மண்பாண்டம் போலச் சுட்டார்கள். அதுதான் ஃபெரைட். அதைத் தயாரிக்கவே 1935-இல் டிடிகே கம்பெனி தொடங்கப்பட்டது.

எங்கள் அடுப்பின் கண்ணாடிக்குக் கீழே செப்புச் சுருள். வீட்டு மின்சாரம் நொடிக்கு 50 முறை அலைவது, இங்கே 20,000 முறைக்கு மேல் அலைகிறது. சுருளுக்கு அடியில் இருக்கும் ஃபெரைட் கட்டைகள் காந்தப்புலத்தை மேலே திருப்பி, கீழுள்ள பாகங்களைக் காக்கின்றன. பற்சக்கரங்களைச் சூடாக்கிக் கடினமாக்கும் ஆலைகளில், இரும்புப் பொடியும் பிசினும் சேர்த்த கட்டியைச் சுருளுக்கு ஏற்றபடி கடைந்து பொருத்துகிறார்கள்.

ஆக, ஃபூக்கோ கண்டது அடுப்புக்கு மேலே வேண்டும், கீழே வேண்டாம். அலுமினியத்தில் காந்தம் ஒட்டாது, மின்தடையும் குறைவு. அதனால்தான் இந்த அடுப்பில் அது சரியாகச் சூடாவதில்லை.

எல்லாம் கேட்டுவிட்டு, "அப்போ அம்மா சட்டி?" என்றாள். அதற்கு என் பிரெஞ்சுப் பாடத்தில் பதில் இல்லை. இப்போது அதில் வெங்காயம் போட்டு வைத்திருக்கிறாள், அடுப்புக்குப் பக்கத்திலேயே.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: கடைக்கு ஒரு சின்னக் காந்தம் எடுத்துப் போங்கள். எவர்சில்வரில் ஒட்டுவதும் உண்டு, ஒட்டாததும் உண்டு. அடியில் காந்தம் நன்றாக ஒட்டினால் வாங்குங்கள்.