பலகையில் பிறந்த போர்டு

இடைக்கால இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் கூடத்துக்குள் வேளை தவறி நுழைந்திருந்தால், அங்கே சாப்பாட்டு மேசை என்று ஒன்றைப் பார்த்திருக்க முடியாது. சாப்பாட்டு நேரத்துக்குத்தான் அது வரும். ஆட்கள் மரக்கால்களைக் கொண்டுவந்து நிறுத்தி, அவற்றின்மேல் நீளமான பலகைகளைப் பரப்புவார்கள். உண்டு முடித்ததும் பலகை ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று எல்லாம் சுவரோரம் போய்விடும். அதே கூடத்தில்தான் ஆட்டமும் பாட்டும். இரவில் வேலையாட்கள் படுப்பதும் அங்கேதான்.

அந்தப் பலகைக்குப் பெயர் போர்டு. பழைய ஆங்கிலத்தில் அதற்கு மரப்பலகை என்பதுதான் பொருள். அக்காலக் கவிதைகளில் கேடயத்தையும் அப்படிச் சொன்னார்கள். அன்றைய கேடயம் மரத்தால் ஆனதுதானே. (பழந்தமிழில் பலகை என்றால் கேடயம் என்றும் ஒரு பொருள் உண்டு.) கேடயம் போனது, மேசை நின்றது. நார்வேயில் மேசைக்கு இன்றும் ‘பூர்’ என்றே பேர். எழுத்தில் அதே ‘போர்டு’. நட்சத்திர ஓட்டல்களில் பதார்த்தங்களை வரிசையாகப் பரப்பி வைக்கும் ‘ஸ்மோர்காஸ்போர்டு’ சுவீடனிலிருந்து வந்த ரொட்டிப் பலகைதான்.

பலகை மேசையான பிறகு, அதன்மேல் வைத்த சோறும் போர்டு ஆனது. கல்யாணப் பந்தியில் “எத்தனை இலை?” என்று கேட்டால் யாரும் வாழையிலையை எண்ணுவதில்லை, சாப்பிட்டவர்களைத்தான் எண்ணுகிறார்கள். அதே கணக்குதான் இதுவும். காசு கொடுத்து அடுத்தவர் வீட்டில் சாப்பிட்டவர் ‘போர்டர்’ ஆனார். ‘போர்டிங் அண்டு லாட்ஜிங்’ என்று நம் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரில் பெயிண்ட் உதிர்ந்து தொங்கும் எழுத்துகளில் இருப்பதும் அந்தச் சாப்பாட்டுப் பலகையே. வெள்ளிக் கோப்பைகளை வரிசையாக அடுக்கி, வந்தவர் கண்ணில் படும்படி வைத்த பலகைக்குக் ‘கப்போர்டு’ என்று பெயர். கதவு, பூட்டு எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. சீட்டாடுகிறவர் இரண்டு கையையும் மேசைக்கு மேலே வைத்திருந்தால் ஒளிவுமறைவு இல்லை என்று அர்த்தம். ‘அபவ் போர்டு’ என்ற சொல் அங்கிருந்து வந்தது.

கப்பலுக்குப் போன போர்டு கொஞ்சம் வேறு மாதிரி. விளிம்பு, பக்கம் என்ற பொருளில் தனியாக ஒரு வேர்ச்சொல் இருந்து, ஒலி ஒற்றுமையால் பலகையோடு கலந்துவிட்டது என்பது சொல்லாய்வாளர்கள் கருத்து. வைகிங்குகளின் கப்பலில் சுக்கான் பின்னால் நடுவில் இல்லை. அகலமான ஒரு துடுப்பு, வலது பக்கத்தில் கட்டியிருக்கும். சுக்கான் உள்ள பக்கம் ‘ஸ்டார்போர்டு’. அதற்கும் நட்சத்திரத்துக்கும் சம்பந்தமில்லை. ‘ஸ்டியர்’ என்ற சொல் தேய்ந்து அப்படி ஆயிற்று. துடுப்பு நசுங்காமல் இருக்க இடது பக்கத்தைத்தான் கரைக்கு அணைத்து, சரக்கு ஏற்றுவார்கள். அந்தப் பக்கம் ‘லார்போர்டு’. புயலில் கத்தும்போது இரண்டும் ஒரே மாதிரி காதில் விழுந்தால் என்ன ஆகும்? 1844-இல் பிரிட்டிஷ் கடற்படை லார்போர்டைக் கைவிட்டு, ‘போர்ட்’ என்றே சொல்லும்படி உத்தரவு போட்டது. விமானத்தில் ஏறுவதற்குக் கொடுக்கும் போர்டிங் பாஸ் இந்தக் கப்பல் வழி உறவு.

எனக்குப் பிடித்தது டாஷ்போர்டு. குதிரை வண்டி ஓடும்போது குளம்பு வாரியடிக்கும் சேறு வண்டிக்காரர் முகத்தில் தெறிக்காமல் இருக்க, முன்னால் ஒரு பலகையோ தோல் தட்டியோ வைத்தார்கள். பிறகு கார் வந்தது, குதிரை போனது, தட்டி மட்டும் அங்கேயே நின்று, வேகமானியையும் பெட்ரோல் முள்ளையும் தாங்கத் தொடங்கியது. இப்போது கணினித் திரையில் விற்பனை நிலவரம் காட்டும் வரைபடங்களுக்கும் அதே பெயர்.

இருக்கட்டும், ஆளுகிற போர்டுக்கு வருவோம். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்களை மேசையின் பெயராலேயே அழைத்தார்கள். இந்தியாவுக்கு இந்தப் பலகை வந்து இறங்கியது இந்த வடிவில்தான். கிழக்கிந்தியக் கம்பெனியை மேய்க்க 1784-இல் லண்டனில் ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’ உருவானது. இரண்டே ஆண்டில் சென்னையில் ரெவின்யூ போர்டு. நிலவரி, குத்தகை என்று சென்னை மாகாணத்துக் குடியானவனின் தலையெழுத்து அந்த மேசையில் எழுதப்பட்டது. சேப்பாக்கம் அரண்மனையில் இருந்த அந்த போர்டு 1980-இல்தான் கலைக்கப்பட்டது. நடுவில் ஜில்லா போர்டு, தாலுகா போர்டு, அவை நடத்திய போர்டு பள்ளிக்கூடங்கள்.

இதைத் தமிழாக்கும்போது யாரும் பலகையைத் தேடவில்லை. சோழர் காலத்து ‘வாரியம்’ கையில் கிடைத்தது. 1957-இல் தொடங்கிய மின்சார போர்டு ‘மின்சார வாரியம்’ ஆனது. மக்கள் என்னவோ ‘ஈ.பி.’யை விடவில்லை. பராந்தகச் சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் என்று வரிசையாகப் பேசுகின்றன. 921-ஆம் ஆண்டுக் கல்வெட்டின் விதிகள் கறாரானவை. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் பெயரைக் குலுக்கலுக்கான குடவோலையில் எழுதக்கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர் பெயரையும் எழுதக்கூடாது. கடந்த மூன்று ஆண்டுகளில் வாரியத்தில் இருந்தவருக்கும் இடமில்லை.

இந்தியக் கிரிக்கெட் வாரியம் 1928-இல் பிறந்தது. அதன் ஆங்கிலப் பெயரிலும் ‘போர்டு ஆஃப் கன்ட்ரோல்’தான், சட்டப்படி அது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவான ஒரு சங்கம். மும்பையில் அலுவலகம், பதிவு மட்டும் நம்மிடம். வாரியத்தைச் சீர்திருத்தத் தானே அமைத்த லோதா குழுவின் பரிந்துரையை ஏற்று, நிர்வாகிகள் ஒரு முறை பதவி வகித்தால் மூன்று ஆண்டு ஒதுங்கி இருக்க வேண்டும் என்று 2016-இல் உச்ச நீதிமன்றம் சொன்னபோது, ஏதோ புதுக் கெடுபிடி வந்துவிட்டதுபோல வாரியத்தில் அப்படி ஒரு புலம்பல். 2018-இல் இரண்டு முறை தொடர்ந்து இருக்கலாம் என்று ஆனது. 2022-இல் மாநிலச் சங்கத்தில் ஆறு, வாரியத்தில் ஆறு என்று தொடர்ச்சியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் வரை இருக்கலாம் என்று இன்னும் தளர்ந்தது. உத்திரமேரூர்ச் சபை அந்த மூன்று ஆண்டைக் கோயில் சுவரிலேயே வெட்டி வைத்திருந்தது.