கல், தலைக்கட்டு, குடும்ப அட்டை: தூத்துக்குடியில் குடும்பம் எண்ணப்பட்ட வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

நகரப் பகுதிகளையும் குடும்ப வாழ்வையும் பற்றிய அரசுத் தரவுகள் இன்று எவரும் எடுத்துப் பயன்படுத்தத்தக்க திறந்தநிலைத் தரவுகளாக வெளியிடப்படுகின்றன. அவற்றில் ‘குடும்பம்’ எனப்படுவது எது என்னும் வினாவைத் தூத்துக்குடியை முன்வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. முத்துக்குளித்துறையின் ‘கல்’ முதல் இன்றைய குடும்ப அட்டை வரை, தண்டப்பட்டதும் வழங்கப்பட்டதுமே எண்ணும் அலகைத் தீர்மானித்து வந்துள்ளன என்பது இதன் கருதுகோள்.

திறவுச்சொற்கள்: தூத்துக்குடி, முத்துக்குளித்துறை, மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, தலைக்கட்டு, வளவு, வார்டு, திறந்தநிலைத் தரவு

முன்னுரை

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தூத்துக்குடியின் மக்கள்தொகை 2,37,830. அதே ஆண்டின் அதே கணக்கெடுப்பை ஆதாரமாகக் காட்டி 3,72,408 என்ற எண்ணும் ஆவணங்களில் வழங்குகிறது. இரண்டும் பிழையல்ல. முன்னது பழைய நகர எல்லைக்குரியது. பின்னது மீளவிட்டான், சங்கரப்பேரி, முத்தையாபுரம், அத்திமரப்பட்டி முதலிய சுற்றுப்பகுதிகளைச் சேர்த்து விரிந்த மாநகராட்சிக்குரியது. ஒரு கோட்டை நகர்த்தியதில் ஏறத்தாழ 1,34,000 பேர் நகரத்தாராயினர். இவ்வெண்களுள் ஒன்றை 2001ஆம் ஆண்டின் 2,16,054 என்னும் எண்ணோடு ஒப்பிட்டால் மெதுவான வளர்ச்சியும், மற்றொன்றை ஒப்பிட்டால் பெருவளர்ச்சியும் தெரியும். எல்லை பற்றிய இக்குழப்பம் எளிதில் தீரக்கூடியது. எல்லைக்குள் எண்ணப்பட்ட அலகு எது என்பதே அரிய வினா.

இந்திய அரசின் தரவுப் பகிர்வுக் கொள்கை 2012இல் வெளிவந்தது; அதையொட்டித் தேசியத் தரவுத்தளமும் அமைந்தது. 2017இல் தூத்துக்குடி சீர்மிகு நகரத் திட்டத்தில் தேர்வானபின், வார்டு வாரியான அட்டவணைகளுக்குத் தேவை கூடியது. ஆய்வாளர் இன்று கோப்பறைக்குச் செல்லாமலே பல எண்களைப் பெறலாம். ஆனால் அட்டவணையின் தலைப்பில் ‘குடும்பங்கள்’ என்ற ஒரு சொல் மட்டுமே நிற்கும்போது, அச்சொல்லுக்குள் உறங்கும் நானூற்றைம்பது ஆண்டு வரலாறு கண்ணுக்குத் தப்பிவிடுகிறது.

கல்லும் கணக்கப்பிள்ளையும்

முத்துக்குளித்துறையில் அரசும் வணிகமும் முதலில் எண்ணியது குடும்பத்தை அன்று, கல்லை. குளிப்பவர் கடலடிக்கு விரைந்து இறங்கக் காலில் கோத்துக்கொள்ளும் கல்லே கணக்கின் அலகாயிற்று. ஒரு கல் என்பது மூழ்குபவரையும் மேலே கயிறு பிடிப்பவரையும் உள்ளடக்கியது. அரசர்க்கும் சாதித் தலைவர்க்கும் பிறர்க்கும் உரிய பங்குகள் இத்தனை கல் என்றே வகுக்கப்பட்டன. 1658இல் போர்த்துக்கீசியரிடமிருந்து தூத்துக்குடியைக் கைப்பற்றிய டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியும் இம்மரபைத் தொடர்ந்தது.

இங்கு ஓர் ஒப்பீடு பயனுடையது. தூத்துக்குடிப் பண்டகசாலை கொழும்பிலிருந்த இலங்கை ஆட்சிக்குக் கீழ்ப்பட்டிருந்தது. அதே ஆட்சி பதினெட்டாம் நூற்றாண்டில் இலங்கையில் தொகுத்த ‘தோம்பு’ என்னும் பதிவேடுகளில் நிலமும் ஆளும் குடும்பம் குடும்பமாக எழுதப்பட்டன. அங்கே தண்டப்பட்டது நிலத்தின் விளைவும் ஊழியமும். ஆகவே வீட்டுக்குள் யார், என்ன உறவு, எத்தனை மரம் என்பன வேண்டியிருந்தன. இக்கரையிலோ கம்பெனியின் நாட்டம் முதன்மையாகக் கடல்பொருளின் மீதும் துணியின் மீதும் இருந்தது. ஒரே நிறுவனம், ஒரே நூற்றாண்டு, மன்னார் வளைகுடாவின் இரு கரைகள்; ஒன்றில் குடும்பம் தாளில் ஏறியது, மற்றொன்றில் கல் ஏறியது.

குடும்பத்தைக் கண்டறிய இக்கரையில் முயன்றது திருச்சபை. 1542இல் வந்த பிரான்சிஸ் சவேரியார் ஊர்தோறும் அமர்த்திய மறைக்கல்விப் பணியாளர்க்கு வழங்கிய பெயர் ‘கணக்கப்பிள்ளை’. வரவு செலவு எழுதுபவரின் பெயரே ஞானக்காரியம் பார்ப்பவருக்கும் ஆனது தற்செயலானதன்று. பிறப்பையும் மணத்தையும் கவனித்துப் பாதிரியாருக்குத் தெரிவிப்பதும் அவர் கடமையாயிருந்தது. 1614இல் உரோமையில் வெளியான வழிபாட்டுச் சடங்கு நூல், திருமுழுக்கு, உறுதிபூசுதல், திருமணம், இறப்பு ஆகிய ஏடுகளோடு, பங்கு மக்களை வீடு வீடாக எழுதும் ஐந்தாவது ஏடொன்றையும் வைக்கப் பணித்தது. பங்குத்தளங்களில் இன்று காணும் குடும்பப் பதிவேட்டுக்கும், அண்டை வீடுகளைத் தொகுக்கும் ‘அன்பியம்’ என்ற அமைப்புக்கும் பின்னணியில் இந்நெடிய வழக்கம் உண்டு. இவ்வேடுகள் தெரு வரலாற்றுக்கு மதிப்பரிய சான்றுகள். ஆயினும் உறுப்பினர் அல்லாதார் இவற்றில் இல்லை. தெருவின் ஒரு வீடு இருக்கும், அடுத்த வீடு இருக்காது.

தலைக்கட்டு

தென் மாவட்டங்களில் ஊர்க் கோயில் கொடைக்கு வரி பிரிக்கும்போது எண்ணப்படும் அலகு ‘தலைக்கட்டு’. மணமான ஆண் ஒருவர் ஒரு தலைக்கட்டு. தந்தையும் மணமான மக்கள் மூவரும் ஒரே அடுப்பில் உண்டாலும் அவர்கள் நான்கு தலைக்கட்டு. மணமாகாதவன் நாற்பது வயதானாலும் எண்ணப்படமாட்டான். கைம்பெண் தலைமை தாங்கும் வீட்டுக்குச் சில ஊர்களில் வரி இல்லை. சில ஊர்களில் பாதி. இது இரக்கமே என்பதில் ஐயமில்லை. ஆனால் வரி இல்லாத வீட்டுக்குப் பேரேட்டில் வரியும் இல்லை, அதாவது எழுத்து வரியும் இல்லை. ஊர்க்கூட்டத்தில் பேசும் உரிமை பேரேட்டைப் பின்பற்றும் இடங்களில் விலக்கு விலக்கமாகவும் மாறுகிறது.

தலைக்கட்டு ஏடுகளை நகராட்சித் தரவோடு ஒருங்கே வைத்துப் படிக்கும் முயற்சி ஆய்வுலகில் இன்னும் போதிய அளவு நடைபெறவில்லை. இவ்விரண்டும் ஒன்றையொன்று திருத்தக்கூடியவை.

வீடு, வளவு, அடுப்பு

தூத்துக்குடி நகராட்சி 1866இல் அமைந்தது. சென்னை மாகாணம் முழுவதற்குமான 1871ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 10,565, 1901இல் 28,048. இடையில் 1876இல் மணியாச்சியிலிருந்து இருப்புப்பாதை வந்தது. பஞ்சு ஏற்றுமதியும் ஆலையும் பெருகின. மூன்று பத்தாண்டுகளில் இரண்டரை மடங்குக்கு மேலான பெருக்கம் பிறப்பினால் மட்டும் நேராது. வந்து சேர்ந்தோர் எவ்வாறு குடியிருந்தனர் என்பதற்கு ‘வளவு’ என்ற சொல் விடை தருகிறது. ஒரு வாயில், ஒரு முற்றம், ஒரு கிணறு, சுற்றிலும் ஓரறை இரண்டறை வீடுகள், ஒவ்வொன்றிலும் தனி அடுப்பு. சொத்துவரி ஏட்டில் இது ஒரே உரிமையாளரின் ஒரே வரிவிதிப்பாக நிற்கலாம்.

தொடக்ககாலக் கணக்கெடுப்புகளில் ‘வீடு’ என்பதன் வரையறை மாகாணத்துக்கு மாகாணமும் பத்தாண்டுக்குப் பத்தாண்டும் மாறியது. ஓரிடத்தில் பொதுவழியிலிருந்து தனி நுழைவாயில் அளவுகோல். இன்னோரிடத்தில் ஒன்றாக உண்ணும் குழு அளவுகோல். நுழைவாயிலை எண்ணினால் வளவு ஒரு வீடு. அடுப்பை எண்ணினால் ஆறோ எட்டோ. வீடும் குடும்பமும் தனித்தனி அலகுகளாகப் பிரிக்கப்பட்டது 1951இல்தான். அன்றுமுதல் பொதுச் சமையலறையில் உண்டு ஒன்றாக வாழ்வோர் ஒரு குடும்பம் என்ற வரையறை வழக்கில் நிற்கிறது. ஆகவே 1951க்கு முந்திய ‘வீடுகள்’ வரிசையையும் பிந்திய ‘குடும்பங்கள்’ வரிசையையும் ஒரே வரைகோட்டில் இணைத்துக் குடும்பம் சிறுத்துவிட்டதாக எழுதப்படும் முடிவுகளை ஏற்பதற்கில்லை.

நகராட்சிக்கு மக்கள் எண்ணிக்கை மிக நேரடியாகத் தேவைப்பட்டது குடிநீருக்காக. உப்பும் மணலும் சூழ்ந்த இந்நகருக்கு, நகராட்சித் தலைவராயிருந்த குரூஸ் பர்னாந்தின் முயற்சியால் 1927இல் வல்லநாட்டிலிருந்து தாமிரபரணி நீர் குழாய்வழி வந்தது. ஆனால் வீட்டுக்குழாய் இணைப்பு, வரிவிதிப்பு எண் உள்ள கட்டடத்துக்கு உரியது. வளவில் வாடகைக்கு இருந்தவருக்குத் தெருக்குழாயே கதி. அதனால் இணைப்புகளின் தொகையைக் கொண்டு தண்ணீர் பெற்ற குடும்பங்களைக் கணக்கிட முடியாது.

கடலில் இருந்தவர்

1931 வரை இந்தியக் கணக்கெடுப்பு ஓரிரவுக் கணக்கெடுப்பு. அவ்விரவில் எவர் எங்கே இருந்தாரோ அங்கே எண்ணப்பட்டார். 1901 மார்ச் 1 அன்று இங்கும் இலங்கையிலும் கணக்கெடுப்பு நடந்தது. கொழும்பில் சரக்கு இறக்கிக்கொண்டிருந்த தூத்துக்குடித் தோணியாள் இலங்கையின் எண்ணிலும், அவர் மனைவி மக்கள் இந்தியாவின் எண்ணிலும் சேர்ந்தனர். தோணி, இலங்கைத் தோட்டம், கப்பல் வேலை எனக் குடும்பத்தின் ஒரு காலைக் கடலுக்கு அப்பால் வைத்திருந்த ஊரில் இது சிறு பிசகன்று.

இதன் சாயலை 2011ஆம் ஆண்டு எண்களிலும் தேடலாம். பழைய எல்லைக்குள் 1,000 ஆண்களுக்கு 1,010 பெண்கள். நாட்டுச் சராசரியைவிட மிகுதியான இவ்விகிதம் பெண்ணின் உயர்நிலைக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அதே கணக்கின் ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளைப் பார்த்தால் ஆண் 12,688, பெண் 12,271. அதாவது 1,000க்கு 967. குழந்தைப் பருவத்தில் குறைந்தும் முழுத்தொகையில் மிகுந்தும் நிற்கும் விகிதம், வயதுவந்த ஆண்கள் ஊரில் இல்லை அல்லது முன்னரே இறக்கின்றனர் என்பதையே சுட்டும். இரண்டில் எது எவ்வளவு என்பதைத் தெருவாரியாகப் பிரித்தால்தான் அறியலாம். 60,714 குடும்பங்கள், குடும்பத்துக்குச் சராசரி நால்வருக்குச் சற்றுக் குறைவு என்னும் நகரத் தொகை அதற்கு உதவாது.

முத்துக்குளிப்பின் கணக்குகளும் இக்குறையைத் தீர்ப்பதில்லை. எட்கர் தர்ஸ்டன் 1890இலும் ஜேம்ஸ் ஹார்னெல் 1905இலும் மன்னார் வளைகுடா முத்துப்படுகைகள் பற்றி வெளியிட்ட நூல்கள் படகு, குளிப்போர், சிப்பி, ஏல விலை ஆகியவற்றில் நிறைவானவை. பிடித்த சிப்பியில் அரசின் பங்கு எது, குளித்தவரின் பங்கு எது என்பது துல்லியமாக உண்டு. அப்பங்கு எந்த அடுப்புக்குச் சென்றது என்பதை அவ்வட்டவணைகள் கேட்கவில்லை. 1961ஆம் ஆண்டோடு பெருமுத்துக்குளிப்பு நின்றது. அதே ஆண்டின் மார்ச் 1 கணக்கெடுப்பின் குறிப்பு நாளாக அமைந்தமையால், அவ்வாண்டு ஏடுகள் இத்தொழிலின் அந்திக்காலக் குடும்பங்களை அறிய உதவும் சிறந்த வாயில்.

இன்றைய மீனவர் கணக்கிலும் அலகுச் சிக்கல் தொடர்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனம் 2005, 2010, 2016 ஆகிய ஆண்டுகளில் கடல் மீனவர் கணக்கெடுப்பு நடத்தியது. அக்கணக்கு மீனவர் ஊர்களை அடிப்படையாகக் கொண்டது. மாநகராட்சியின் கணக்கு வார்டை அடிப்படையாகக் கொண்டது. திரேஸ்புரத்தில் வாழ்வோர்க்கு அது ஓர் ஊர். வார்டு அட்டவணையில் அப்பெயருக்கு இடமில்லை, ஓர் எண் மட்டுமே. மேலும், நாட்டுப்படகுத் தொழிலில் பொருளாதார அலகு அடுப்பன்று, படகு. தனி அடுப்பு வைத்த உடன்பிறந்தார் இருவர் ஒரே படகின் பங்கில் வாழ்வர். படகு பழுதானால் இரண்டு ‘குடும்பங்களும்’ ஒருசேர வருமானம் இழக்கும்.

அட்டையும் வெள்ளமும்

2023 டிசம்பர் 17, 18 நாள்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் பதிவாயிற்று. தூத்துக்குடி நகரின் தாழ்ந்த பகுதிகளில் பல நாள் நீர் வடியவில்லை. கடுமையாகப் பாதிக்கப்பட்ட வட்டங்களில் குடும்ப அட்டை ஒன்றுக்கு 6,000 ரூபாயும் பிற இடங்களில் 1,000 ரூபாயும் அரசு அறிவித்தது. விரைந்து வழங்க வேறு பட்டியல் இல்லாத நிலையில் அட்டையே தகுந்த கருவி என்பதை மறுக்கவியலாது. ஆயினும் இப்போது குடும்பம் என்பதற்கு ஐந்தாவதாக ஓர் இலக்கணம் கிடைத்தது: அட்டை உடையது குடும்பம்.

மகன் மணமுடித்துத் தனி அடுப்பு வைத்தும் பெயர் தந்தையின் அட்டையிலேயே இருந்தால் இரு வீடுகளுக்கு ஒரு தொகை. ஊரில் அட்டையை வைத்துவிட்டு நகரில் வாடகைக்கு இருப்பவர், நனைந்தது நகரத்து வீடாயினும் அட்டை உள்ள வட்டத்தின் கணக்கிலேயே வருவார். வட்டம் என்னும் எல்லை வெள்ளத்தின் எல்லையன்று. பக்கிள் ஓடையை ஒட்டிய தெருவும் மேட்டுத் தெருவும் ஒரே வட்டத்தில் ஒரே தொகைக்குரியவை.

இலண்டனில் சார்லஸ் பூத் 1880களின் இறுதியில் தெருத் தெருவாக வண்ணமிட்ட வறுமை வரைபடத்தையும், 1895இல் சிகாகோவின் ஹல் ஹவுஸ் இல்லத்தார் வெளியிட்ட வரைபடத்தையும் நகராய்வின் முன்னோடிகளாகக் கூறுவர். சென்னைப் பல்கலைக்கழகத்தில் கில்பர்ட் ஸ்லேட்டர் வழிகாட்ட, மாணவர் 1916 முதல் நடத்திய ஆய்வு 1918இல் நூலானபோது அது சிற்றூர்களைத் தேர்ந்தது. திருநெல்வேலிச் சீமையின் கங்கைகொண்டானும் அதில் உண்டு. அங்கிருந்து தூத்துக்குடி நெடுந்தொலைவன்று. துறைமுக நகரின் தெருவுக்கு அத்தகைய ஏடு அமையாமற்போனது தமிழகச் சமூக வரலாற்றின் பெருங்குறை.

2021இல் நடந்திருக்க வேண்டிய கணக்கெடுப்புக்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டுள்ளது. அதன் எண்கள் மாநகராட்சியின் இன்றைய 60 வார்டுகளுக்கு வெளிவரும்போது, 2011இன் வார்டுகளோடு அவற்றைப் பொருத்தப் பழைய எல்லை வரைபடமும், எந்தத் தெரு எந்த வார்டிலிருந்து எதற்கு மாறியது என்ற பட்டியலும் வேண்டும். அத்தெருப் பட்டியல் எண்களோடு சேர்ந்து திறந்தநிலையில் கிடைக்குமாயின், திரேஸ்புரம், மட்டக்கடை, பிரையண்ட் நகர், முத்தையாபுரம் ஆகியவற்றின் வளவுகளையும் அடுப்புகளையும் பங்கு ஏடுகளோடும் தலைக்கட்டுப் பேரேடுகளோடும் முதன்முறையாக ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்க்க இயலும்.