கால் வேலியும் அரை கிரவுண்டும்

எங்கள் வீட்டு பீரோவின் மேல்தட்டில் ஒரு மஞ்சள் பை இருக்கிறது. ஏதோ ஜவுளிக்கடைப் பை. கடையின் பேரெல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதற்குள் 60 கட்டங்கள் போட்ட ஒரு தவணை அட்டை, ஒரு கிரயப் பத்திரம், அதன் ஜெராக்ஸ்கள் நான்கு, வில்லங்கச் சான்று, மடித்து மடித்துக் கிழிந்துபோன ஒரு லேஅவுட் வரைபடம். 1996-இல் அப்பா மாதம் 300 ரூபாய் கட்டி உத்திரமேரூர் பக்கம் வாங்கிய அரை கிரவுண்டு மனை அது. 1200 சதுர அடி. போக்குவரத்துக் கழக டிப்போவில் மெக்கானிக்காக இருந்த அப்பா, வாழ்க்கையில் வாங்கிய ஒரே நிலம்.

இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதில் ஒரு செங்கல்கூட வைக்கவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை செங்கல்பட்டிலிருந்து பஸ் பிடித்துப் போவார். நான்கு மூலைக்கல்லும் இருக்கிறதா என்று பார்ப்பார். சீமைக்கருவேலத்தை வெட்டிவிட்டு வருவார். அவ்வளவுதான். போன வருஷம் தங்கை வீடு கட்ட ஆரம்பித்ததும் அப்பாவே கேட்டார். "டேய், உத்திரமேரூர் மனையக் குடுத்துரலாமா?"

தரகர் ஒருவர் சனிக்கிழமை ஆள் கூட்டி வருவதாகச் சொன்னார். நானும் அப்பாவும் காலையிலேயே போய் இறங்கிவிட்டோம். தரகர் வர இன்னும் ஒரு மணி நேரம் ஆகும் என்றார். "வா, கோயிலப் பாத்துட்டு வந்துரலாம்" என்று அப்பா நடக்க ஆரம்பித்தார். பேருந்து நிலையத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில்தான் வைகுண்டப் பெருமாள் கோயில். அதன் கருங்கல் அடித்தளத்தில்தான் அந்தப் புகழ்பெற்ற குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்தில் எல்லோரும் படித்திருப்போம். முதலாம் பராந்தக சோழன் காலம், பனையோலையில் பேர் எழுதிக் குடத்தில் போட்டு, விவரம் அறியாத சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள் என்று. ஐந்து மதிப்பெண் கேள்வி. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டியபோது பிரதமர் இந்த ஊரைக் குறிப்பிட்ட பிறகு, மனை விற்பவர்களின் நோட்டீஸிலும் கோயில் ஏறிவிட்டது. எனக்கு வாட்ஸாப்பில் வந்த ஒன்றில், கோயில் படத்துக்குக் கீழே 'ஜனநாயகம் பிறந்த மண்ணில் உங்கள் சொந்த மனை' என்று போட்டிருந்தது.

சிரிப்பு வந்தது. ஆனால் யோசித்துப் பார்த்தால், அதை எழுதியவர் அறியாமலே சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். அந்தக் கல்வெட்டு சொந்த மனையைப் பற்றியதும்தான்.

இரண்டு கல்வெட்டுகள் உண்டு. ஒன்று 919-ஆம் ஆண்டு, மற்றது 921. இரண்டே வருஷத்தில் விதிகளைத் திருத்தியிருக்கிறார்கள். முதலில் 30 வயதிலிருந்து 60 வரை என்றிருந்த தகுதி, திருத்தத்தில் 35-இலிருந்து 70 வரை என்றாகிறது. மென்பொருள்காரனுக்கு இது உடனே புரியும். முதல் வெர்ஷனை வெளியிட்டார்கள், பிரச்சினை வந்தது, இரண்டாவதை வெளியிட்டார்கள். ஊரை 30 குடும்புகளாகப் பிரித்திருந்தார்கள். (இன்றைய உத்திரமேரூர் பேரூராட்சிக்கு 18 வார்டு.) சம்வத்சர வாரியத்துக்கு 12 பேர், தோட்ட வாரியத்துக்கு 12 பேர், ஏரி வாரியத்துக்கு 6 பேர். பதவி 360 நாள். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் நிற்க முடியாது. அவன் மட்டுமா, அவனுடைய சித்தி மகன், பெரியம்மா மகன், மாமனார், மச்சான் என்று ஒரு நீண்ட பட்டியலே நிற்க முடியாது. பினாமி என்ற சொல் அன்று இல்லையே தவிர, ஆள் இருந்திருக்கிறான்.

இதையெல்லாம் நாம் பெருமையாகச் சொல்வோம். பட்டியலின் தலையில் இருக்கும் தகுதியைத்தான் வேகமாகத் தாண்டிப் போய்விடுவோம். வரி கட்டும் நிலம் கால் வேலிக்கு மேல் இருக்க வேண்டும். தன் சொந்த மனையில் கட்டிய வீட்டில் குடியிருக்க வேண்டும். வேதம் கற்றிருக்க வேண்டும். கூடுதலாகப் படித்தவனுக்கு அரைக்கால் வேலி போதும் என்று ஒரு சலுகையும் உண்டு. வேலி என்பது சுமார் 6.6 ஏக்கர். அங்கேயே நின்று போனில் கணக்குப் போட்டேன். கால் வேலி என்றால் ஏறக்குறைய 72,000 சதுர அடி. அப்பாவின் மனையைப் போல 60 மனை. தவணை அட்டையிலும் 60 கட்டம் என்பது தற்செயல்தான். ஆனாலும் மனசு அதைப் பிடித்துக்கொண்டது.

"என்னடா கணக்கு?" என்றார் அப்பா. சொன்னேன். "அப்ப நம்ம பேரு குடத்துல விழுந்திருக்காது" என்றார், சாதாரணமாக.

இது பிரம்மதேய ஊர். பிராமணர்களுக்குத் தானமாகக் கொடுக்கப்பட்ட சதுர்வேதிமங்கலம். எட்டாம் நூற்றாண்டில், இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில் உருவானதாகச் சொல்கிறார்கள். நிலம் உள்ள பிராமண ஆண்களின் சபை அது. வயலை உழுதவர்கள், ஏரியில் மண் சுமந்தவர்கள், பெண்கள் யாருடைய ஓலையும் குடத்துக்குள் போகவில்லை. ஜனநாயகம் பிறந்த மண் என்று மார்தட்டும்போது, எத்தனை பேருக்கு அது பிறந்தது என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

அதே சமயம், அந்தச் சபையை வெறும் நிலக்கிழார் மன்றம் என்று தள்ளிவிடவும் முடியவில்லை. காரணம், ஏரி.

உத்திரமேரூர் ஏரிக்குக் கல்வெட்டுகளில் வைரமேகத் தடாகம் என்று பேர். வைரமேகன் என்பது பல்லவ மன்னன் தந்திவர்மனின் பட்டப்பெயர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே இந்தப் பேர் வந்துவிட்டது. செய்யாற்றிலிருந்து கால்வாய் வழியாக வரும் தண்ணீரை வாங்கித் தேக்கும் ஏரி இது. மழையை மட்டும் நம்பியதில்லை. இங்கே கிடைக்கும் கல்வெட்டுகளில் எனக்கு மிகவும் பிடித்தவை ஏரியில் தூர் வாருவதற்கான அறக்கட்டளைகள். ஒருவர் சபையிடம் பொன்னைக் கொடுத்துவைப்பார். முதலைத் தொடக்கூடாது. அதன் வட்டியில் வருஷாவருஷம் வண்டலை அள்ளிக் கரையில் போட வேண்டும். இன்றைய மொழியில் பராமரிப்பு நிதி. ஏரியை வெட்டினால் மட்டும் போதாது, ஒவ்வொரு வருஷமும் அது தூர்ந்துகொண்டே இருக்கும் என்று தெரிந்தவர்கள் செய்த ஏற்பாடு.

இன்னொரு விஷயம், நிலத்துக்கு முகவரி எழுதிய விதம். உத்திரமேரூர் கல்வெட்டுகளில் ஒரு வயலைக் குறிப்பிடும்போது, இன்ன வதிக்கு மேற்கே, இன்ன வாய்க்காலுக்கு வடக்கே, இத்தனையாவது கண்ணாறு, இத்தனையாவது சதுக்கம் என்று எழுதியிருப்பார்கள். வதி என்பது பாதை. கண்ணாறு என்பது வாய்க்காலிலிருந்து பிரியும் சிறு வாய்க்கால். முதன்முறை படித்தபோது நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். குறுக்கும் நெடுக்கும் கோடு போட்டு, எண் கொடுத்து, கட்டத்தைச் சொல்வது. நாங்கள் கம்ப்யூட்டரில் தினமும் செய்கிற வேலை. ஃப்ரான்சுவா க்ரோவும் இரா. நாகசாமியும் சேர்ந்து பிரெஞ்சில் எழுதி 1970-இல் புதுச்சேரியில் வெளிவந்த நூல் ஒன்று, முழுக்க இந்த ஊரைப் பற்றியது. ஒரு சின்ன ஊருக்கு அவ்வளவு பெரிய புத்தகம் எழுதும் அளவுக்குச் சுவரில் விஷயம் இருந்திருக்கிறது.

அந்த முகவரியில் ஒரு நியாயம் இருக்கிறது. உன் நிலம் எங்கே என்று கேட்டால், உனக்குத் தண்ணீர் எந்த வழியாக வருகிறது என்பதுதான் பதில். வாய்க்கால் அழிந்தால் நிலத்தின் முகவரியே அழிந்துவிடும். ஆகவே நிலம் வைத்திருந்தவனுக்கு ஏரியைக் காப்பது தர்மம் மட்டுமில்லை, சொந்தத் தேவையும்கூட.

காலம் உருண்டது. 1763-இல் செங்கல்பட்டுச் சீமை ஆற்காட்டு நவாப்பிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஜாகிராகப் போனது. நிலம் யாருக்குச் சொந்தம் என்று வெள்ளைக்காரர்கள் கேட்டபோது, மிராசு என்ற சொல் பதிலாக வந்தது. ஊர் நிலத்தில் பங்குள்ள சில குடும்பங்களின் பரம்பரை உரிமை. 1891-இல் செங்கல்பட்டுக் கலெக்டர் ட்ரெமென்ஹீர் ஓர் அறிக்கை எழுதினார். இந்த மாவட்டத்தின் பறையர் மக்களைப் பற்றியது. அதில் அவர் திரும்பத் திரும்பச் சுட்டும் ஒரு விஷயம், அந்த மக்கள் குடியிருக்கும் குடிசையின் அடிநிலம்கூட அவர்களுடையது இல்லை என்பது. மிராசுதாரர் நினைத்தால் கிளப்பிவிடலாம். வேலைக்கு வராவிட்டால், கூலி கேட்டால், வீடு போய்விடும். அந்த அறிக்கையைத் தொடர்ந்து 1892-இல் வந்த அரசாணையில்தான் பஞ்சமி நிலங்கள் தொடங்குகின்றன. அந்த நிலங்களைப் பிறருக்கு விற்கக்கூடாது என்று நிபந்தனை. இருந்தும் கைமாறின. அவற்றை மீட்கும் போராட்டத்தில், 1994 அக்டோபரில், இதே செங்கல்பட்டு வட்டாரத்துக் காரணையை ஒட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் செத்தார்கள்.

919-இல் சொந்த மனை என்பது சபைக்குள் போக ஒரு தகுதி. 1891-இல் சொந்த மனை இல்லாமை என்பது ஒருவனை அடக்கிவைக்க ஒரு கருவி. இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்த பிறகு, 'எல்லாரும் பிளாட் பிளாட்னு அலையுறாங்க' என்று என்னால் கிண்டலாகப் பேச முடிவதில்லை. என் தாத்தா குடிசை போட்டிருந்ததும் இன்னொருவர் தோப்பில்தான். விவசாயக் கூலிகளுக்குக் குடியிருப்பு மனையைச் சொந்தமாக்கும் சட்டம் 1971-இல் வந்தது. அதற்கு முன்னாலேயே தோப்புக்காரரோடு ஏதோ பேச்சு முற்றி, தாத்தா குடும்பத்தோடு கிளம்பிவிட்டார். அப்பாவுக்கு அப்போது எட்டு வயசு. தலையில் அம்மிக்கல்லைத் தூக்கிக்கொண்டு நடந்ததை மட்டும் சொல்வார். ஏன் நடந்தோம் என்று சொல்ல மாட்டார். அந்த 60 கட்டத்திலும் ஒன்றுகூட விடாமல் அவர் பணம் கட்டியதற்குக் காரணம் அந்த நடைதான் என்று நினைக்கிறேன்.

அப்பாவின் மனை ஒரு காலத்தில் ஏரிப் பாசன நஞ்சை. அங்கீகாரம் இல்லாத லேஅவுட். 2016 செப்டம்பரில் சென்னை உயர்நீதிமன்றம் இப்படிப்பட்ட மனைகளைப் பதிவு செய்யத் தடை விதித்தபோது, அப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. 2017-இல் வரன்முறைப்படுத்தும் விதிகள் வந்தன. வரிசையில் நின்று பணம் கட்டி உத்தரவு வாங்கினார். மஞ்சள் பை நிறைந்தது.

விற்பதற்கு முன் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று நான் இணையத்தில் புல வரைபடத்தை எடுத்தேன். எங்கள் புல எண்ணின் தெற்கு ஓரமாக ஒல்லியாக ஒரு துண்டு ஓடியது. அதற்குத் தனி எண். அ பதிவேட்டில் தேடினால், சர்க்கார் புறம்போக்கு, வாய்க்கால். லேஅவுட் வரைபடத்தில் அதே இடத்தில் '20 அடி ரோடு' என்று போட்டிருந்தது. மனை நம்முடையதுதான். மனைக்குப் போகும் வழிதான் வாய்க்கால். 2015 டிசம்பர் மழையில் அங்கே இடுப்பளவு தண்ணீர் நின்றதற்கு விடை கிடைத்தது. தண்ணீர் தன் பழைய முகவரிக்கு வந்திருக்கிறது.

தரகர் கூட்டிவந்தவர்கள் ஒரு கணவன், மனைவி. தள்ளுவண்டியில் டிபன் கடை. பதினான்கு வருஷமாக வாடகை வீடு. அந்த அக்கா மனையின் நான்கு பக்கமும் நடந்து, வாசல் எந்தப் பக்கம் வைக்கலாம் என்று பார்த்தார். விலை கிட்டத்தட்டப் படிந்துவிட்டது. அட்வான்ஸ் என்ற சொல்லைத் தரகர் எடுத்ததும் அப்பா என்னைப் பார்த்தார்.

"அந்த வாய்க்கால் விஷயத்தச் சொல்லிடுடா."

"அண்ணே, இப்ப எதுக்கு அதெல்லாம்? ஊரே அப்படித்தான் இருக்கு" என்றார் தரகர்.

"ஊரு இருக்கட்டும் தம்பி. நாளைக்கு வாய்க்கால வெட்டுறேன்னு வந்து நின்னா, இவங்க எது வழியா வீட்டுக்குப் போவாங்க?"

போனில் வரைபடத்தைத் திறந்து காட்டினேன். அந்த அக்கா ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு, "யோசிச்சு சொல்றோம்ணா" என்றார். தரகர் வண்டியைக் கிளப்பும்போது எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

திரும்பும் வழியில் ஏரிக்கரையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தோம். தண்ணீர் பாதி இருந்தது. கொக்குகள் மேய்ந்துகொண்டிருந்தன. 1100 வருஷத்துக்கு முன்னால் ஆறு பேர் 360 நாள் இதைப் பார்த்துக்கொண்டு, முடிவில் கணக்கும் காட்டியாக வேண்டியிருந்தது. இன்று சொந்த மனை கேட்பவர்கள் பல மடங்கு. கேட்கத்தான் வேண்டும், மறுக்கப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாங்கள். ஆனால் எங்கள் பத்திரத்தில் நான்கு எல்லை இருக்கிறது, ஏரி இல்லை. வாய்க்கால் அடைபட்டால் முதலில் மூழ்கப்போவது எங்கள் வாசல்தான் என்று எங்களுக்கு விற்றவர் யாரும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

"தங்கச்சிக்கு லோன் போட்டுக்கலாம்" என்றார் அப்பா. மனை இன்னும் எங்களிடம்தான் இருக்கிறது.

பத்து நாள் கழித்து அந்த அக்கா போன் செய்தார். மனைக்காக இருக்கும் என்று நினைத்து எடுத்தேன். "தம்பி, வேற ஒரு எடம் பாத்திருக்கோம். அன்னைக்கு போன்ல ஒரு படம் காமிச்சீங்களே, அத எப்படிப் பாக்குறதுன்னு சொல்லித் தரீங்களா?"

புல எண்ணைச் சொல்லச் சொன்னேன். பிறகு முக்கால் மணி நேரம், ஒவ்வொரு கோடாக, எது வரப்பு, எது பாதை, எது வாய்க்கால் என்று இருவரும் பார்த்துக்கொண்டிருந்தோம்.