பொன் தேடும் சுருள்

நெய்யாற்றின்கரையிலிருந்து பாறசாலை வழியாகத் தெற்கு நோக்கிச் செல்வோர் களியக்காவிளையில் தமிழ்நாட்டு எல்லையை அடைகின்றனர். 1956-ஆம் ஆண்டு நவம்பர் 1-ஆம் தேதி விளவங்கோடு, கல்குளம், அகஸ்தீஸ்வரம், தோவாளை ஆகிய நான்கு தாலுகாக்கள் சென்னை இராஜ்யத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரைத் தாலுகா கேரளத்தில் நின்றது. எல்லைக்கோடு மண்ணைப் பிரிக்கவில்லை. இருபுறமும் அதே செம்மண், அதே வெட்டுக்கல். உலோகங்காட்டும் யந்திரத்தால் இம்மண்ணில் பொன் தேடலாமா, அதற்கு எத்தகைய சுருள் ஏற்றது என்று இப்பகுதித் தமிழ் நேயர்கள் சிலர் எண்ணக்கூடும். அதற்கு விடை காண, இக்கருவியின் வரலாற்றை நோக்குவோம்.

1881-ஆம் ஆண்டில் அமெரிக்க ஜனாதிபதி கார்பீல்டு சுடப்பட்டார். உடலில் தங்கிய குண்டைக் கண்டறிய, தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் கம்பிச் சுருள்களாலான கருவி ஒன்றை அமைத்தார். குண்டு அகப்படவில்லை. கட்டிலில் இருந்த உருக்குச் சுருள்கள் கருவியைக் குழப்பியதே அதற்கு ஒரு காரணம் என்பர். பின்னர், ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவில் குடியேறிய கெர்ஹார்ட் பிஷர், வானொலி அலைகளால் திசை காணும் கருவி உலோகப் பொருள்களின் அருகே பிழைபடுவதைக் கவனித்தார். அப்பிழையையே பயனாக மாற்றி உலோகங்காட்டியை அமைத்து, 1937-இல் காப்புரிமை பெற்றார். போலந்து நாட்டு யோசேப் கொசாக்கி 1941-இல் அமைத்த கண்ணிவெடி காட்டும் கருவி, மறு ஆண்டு எல் அலமைன் போரில் பயன்பட்டது.

இவற்றின் தத்துவம் எளிது. சுருளில் மாறுமின்னோட்டம் பாயும்போது காந்தப்புலம் எழுகிறது. அது மண்ணிலுள்ள உலோகத்தில் சிறு மின்சுழல்களை உண்டாக்க, அவற்றின் எதிரொலியை மற்றொரு சுருள் உணர்கிறது. 6 அங்குலச் சிறு சுருள் நெல்மணி போன்ற பொற்றுணுக்கையும் உணரும். ஆயின் ஆழம் செல்லாது. 15 அங்குலப் பெருஞ்சுருள் ஆழம் செல்லும்; ஆயின் நுண்மணிகளைத் தவறவிடும். அன்றியும், ஒரே சமயத்தில் மிகுதியான மண்ணைக் காண்பதால், அம்மண்ணிலுள்ள இரும்பின் இரைச்சலையும் மிகுதியாகக் கேட்கும். ஒருமையச் சுருளினும், 'இரட்டை டி' எனப்படும் வடிவம் ஒடுங்கிய பட்டையாக மண்ணைக் காண்பதால் இரும்பு மிகுந்த நிலத்தில் குழப்பம் குறைகிறது.

நம் வெட்டுக்கல் அத்தகைய நிலமே. மலபாரின் அங்காடிப்புரத்தில் இக்கல்லைக் கண்ட பிரான்சிஸ் புக்கானன், 1807-இல் வெளியிட்ட நூலில், செங்கல்லைக் குறிக்கும் இலத்தீன் சொல்லினின்று இதற்கு 'லேட்டரைட்' எனப் பெயரிட்டார். இதன் செந்நிறம் இரும்பால் வந்தது. பெல்லை ஏமாற்றிய கட்டிலைப் போன்றதே இந்நிலமும். எனவே இங்கு சுருள் வாங்குவோர்க்கு ஏற்றது பெருஞ்சுருளன்று. சிறிய 'இரட்டை டி' வடிவமே.

எனினும் சுருள் நன்றாயிருந்தால் மட்டும் போதாது. மண்ணில் பொன்னும் இருத்தல் வேண்டும். கேரளத்தில் பொன்னுக்குப் பெயர் பெற்றவை வயநாடு, நிலம்பூர், அட்டப்பாடிப் பகுதிகள். அங்கும் பொன் பெரும்பாலும் தூளாகவே கிடைக்கிறது. சாலியாற்று மணலை மரவையில் அலசியே மக்கள் அதைப் பிரித்தனர். 1880-ஐ ஒட்டி வயநாட்டிலும் தேவாலா, பந்தலூர்ப் பகுதிகளிலும் ஆங்கிலக் கம்பெனிகள் பொன்வேட்டையில் இறங்கின. பாறையின் தரத்தைத் தக்கவாறு அறியுமுன் பங்குகள் விலைபோயின, யந்திரங்கள் மலையேறின. சில ஆண்டுகளில் யாவும் சரிந்தன. அதே காலத்தில் தொடங்கிய கோலார் வயல் நிலைத்தது. வடஆற்காட்டுத் தமிழர் திரளாகக் குடியேறி உழைத்த அச்சுரங்கங்கள், மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்து, 2001-இல் மூடப்பட்டன. அங்கும் பொன் பாறைக்குள் நுண்துகளாகவே இருந்தது. அதனைச் சுருளால் காண இயலாது. அரைத்து, இரசாயன முறையால் பிரித்தல் வேண்டும்.

ஆகவே, அயலூரில் உழைத்துச் சேர்த்த பணத்தை இக்கருவியில் இடுமுன் ஒரு சோதனை செய்க. ஒரு மூக்குத்தியை நூலில் கட்டி, சொந்தத் தோட்டத்தில் நான்கு விரற்கடை ஆழத்தில் புதைத்து, விற்பவரையே கருவியை இயக்கிக் காட்டச் சொல்லுங்கள். ஓசை எழாவிடின் விலை பேச வேண்டியதில்லை. சட்டத்தையும் மறவாதீர்கள். கனிமம் தேட 1957-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி வேண்டும். பழம்புதையல் கிடைத்தால், கேரளத்தில் 1968-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், தமிழ்நாட்டில் 1878-ஆம் ஆண்டுச் சட்டப்படியும், மாவட்ட ஆட்சியருக்கு அறிவித்தல் கடமை. வயநாட்டுக் கம்பெனியார் மண்ணை அறியுமுன் யந்திரத்தை வாங்கினர். நாம் முதலில் மண்ணை அறிவோம்.